விலையும் விதியும்

விலைக் கட்டுப்பாட்டை ஓர் ஆணையால் ஒரே நாளில் நீக்கிவிடலாம். ஆனால், விற்பவரும் வாங்குபவரும் நம்பி நிற்கத்தக்க நீதிமன்றத்தை ஒரே நாளில் அமைத்துவிட முடியுமா? பொதுவுடைமை ஆட்சியினின்றும் விலகிய நாடுகளின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினாவே என் உள்ளத்தில் எழுகின்றது. போலந்தையும் ருஷ்யாவையும் அருகருகே வைத்து நோக்கின் இதற்கு விடை கிடைக்கும் எனக் கருதுகிறேன்.

1989-இல் போலந்தின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. கடைகளில் பண்டமில்லை, கையிலிருந்த பணத்திற்கு மதிப்பில்லை, அயல்நாட்டுக் கடனோ பெருஞ்சுமை. நிதியமைச்சர் பால்செரோவிச் வகுத்த திட்டம் 1990 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான விலைகள் கட்டவிழ்ந்தன. ருஷ்யாவும் 1992 ஜனவரியில் அவ்வாறே செய்தது. தொடக்கம் ஏறத்தாழ ஒன்றே. முடிவு வேறாயினது ஏன்?

ருஷ்யா, அரசின் ஆலைகளைத் தனியார்க்கு மாற்றுவதில் விரைந்தது. 1992 முதல் குடிமக்களுக்கு உரிமைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. வறுமையால் பலர் அவற்றை அற்ப விலைக்கு விற்றனர். 1995-இல் அரசு, எண்ணெய், உலோக நிறுவனங்களின் பங்குகளை ஈடாக வைத்து வங்கிகளிடம் கடன் பெற்றது; கடனைத் திருப்பவில்லை. ஏலம் நடத்தியவர்களே பெரும்பாலும் ஏலம் எடுத்தார்கள்! நாட்டின் செல்வம் சிலர் கைக்குள் அடங்கியது. 1998 ஆகஸ்டில் அரசு தன் கடனை அடைக்கவியலாமல் கைவிரித்தது.

போலந்து பெரிய ஆலைகளை விற்பதில் அவசரங் காட்டவில்லை. 1934-ஆம் ஆண்டின் பழைய வணிகச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துப் பயன்படுத்தியது. 1990 மே மாதம் ஊராட்சித் தேர்தல்களை நடத்தியது. 1991-இல் பங்குச் சந்தையைத் திறந்தபோதே, அதனைக் கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் சட்டத்தால் நிறுவியது. அச்சந்தை முதலில் கூடிய இடம், முன்பு பொதுவுடைமைக் கட்சியின் தலைமையகமாயிருந்த கட்டடம் என்பது சுவையான செய்தி. 1990-களின் நடுவிலேயே நாட்டின் உற்பத்தி 1989-இன் அளவை மீண்டும் எட்டியது. 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது.

இதனால் போலந்தில் துன்பமே இல்லை என்று எண்ணற்க. அரசுப் பண்ணைகள் மூடப்பட்டபோது ஊர் ஊராக மக்கள் வேலையிழந்தனர். 2002-இல்கூட வேலை செய்வோரும் வேலை தேடுவோருமாகிய உழைப்பாளரில் ஐவருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார். 1991-இல் கடன் கொடுத்த நாடுகள் தமக்குரிய கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளுபடி செய்ததும் போலந்துக்குப் பேருதவியாயிற்று. ஆகவே எல்லாப் புகழையும் சட்டத்திற்கே சூட்டுதல் பொருந்தாது.

ஆயினும் ஒன்று தெளிவு. சந்தை என்பது விலை மட்டுமன்று. வலியவனையும் கட்டுப்படுத்தும் விதியும் அதில் அடங்கும். விதியில்லாத இடத்தில் அரசின் ஏகபோகம் போய்த் தனியாரின் ஏகபோகம் வருமேயன்றி, மக்களுக்கு விடுதலை வாராது. கட்டிய விதியையும் காத்தல் வேண்டும். 2015-க்குப் பின் நீதிபதிகள் நியமனம் பற்றிப் போலந்திலேயே எழுந்த பூசல் இதனை நினைவூட்டுகின்றது. பொருளாதாரம் பயிலும் நாம், வளர்ச்சியின் விழுக்காட்டைக் கேட்குமுன், அந்நாட்டில் ஏழை ஒருவன் தொடுத்த வழக்கு என்னவாயிற்று என்று கேட்கப் பழகுவோமாக!