லிசினியா அமியாஸ் கல்லறைக்கல்லில் மீனும் நங்கூரமும்

உரோமை நகரின் வத்திக்கான் பகுதிப் பழைய இடுகாட்டில் கிடைத்து, இன்று உரோமைத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள லிசினியா அமியாஸ் என்னும் பெண்ணின் கல்லறைக்கல், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. கிறித்தவக் குறியீடு பொறித்த மிகப் பழைய கற்களுள் ஒன்றாக இது கருதப்பெறுகிறது. மீன், நங்கூரம் முதலியன துன்புறுத்தலுக்கு அஞ்சியோர் தமக்குள் கையாண்ட மறைகுறிகள் என்னும் பரவலான கருத்தை இக்கல் எவ்வளவு தாங்கும் என்பது ஈண்டு ஆராயப்படுகிறது.

கல்லின் உச்சியில் ஒரு மலர்வளையம். அதன் இருமருங்கிலும் 'டி', 'எம்' என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துகள். இறந்தோரின் ஆவித் தெய்வங்களுக்கு என்று பொருள்படும் 'தீஸ் மானிபுஸ்' என்னும் உரோமைச் சமய வாய்பாட்டின் சுருக்கம் அது. அதற்குக் கீழே 'இக்துஸ் ஸோந்தோன்', அதாவது 'வாழ்வோரின் மீன்' என்னும் கிரேக்கத் தொடர். அடுத்து, நங்கூரம் ஒன்றும் அதன் இருபுறமும் இரண்டு மீன்களும். இறுதியில் இறந்தவரின் பெயர் இலத்தீனில் உள்ளது. அதன்பின் கல் உடைந்துவிட்டது.

பழைய தெய்வங்களுக்குரிய வாய்பாடு கிறித்தவக் கல்லில் இடம்பெற்றது முரணாகத் தோன்றலாம். எழுத்து வெட்டி விற்பனைக்கு வைத்திருந்த கல்லை வாங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். உரோமையின் வேறு கிறித்தவக் கற்களிலும் இவ்வாய்பாடு காணப்படுவதால், அது பொருளிழந்து வெறும் மரபாகிவிட்டது எனக் கொள்வதே பொருந்தும்.

'இக்துஸ்' என்பதன் ஐந்து கிரேக்க எழுத்துகளும் முறையே இயேசு, கிறித்து, கடவுளின், மகன், மீட்பர் என்னும் சொற்களின் முதலெழுத்துகள். இதனை அறியாதவருக்கு அது மீன் மட்டுமே. அவ்வளவில் மறைபொருள் உண்டு என்பது உண்மை. எனினும் ஒளிக்க விரும்பியவர் மீன் உருவத்தோடு நின்றிருப்பர்; அதன் மேல் பெயரையும் எழுதி, இறந்தவரின் கல்லில் 'வாழ்வோர்' என்று பொறித்து, காண்போரின் வினாவைத் தாமே தூண்டியிரார்.

அலெக்சாந்திரியாவின் கிளமெந்து தம் நூலில் முத்திரை மோதிரங்களுக்குப் புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றை வெளிப்படையாகப் பரிந்துரைக்கிறார். யாழைப் பாலிகிரதேசும் நங்கூரத்தைச் செலூக்கசும் பயன்படுத்தினர் என்று அவரே சுட்டுகிறார். ஆகவே இவை பொதுவழக்கிலிருந்து எடுத்துப் புதுப்பொருள் ஏற்றப்பெற்ற உருவங்கள். எபிரெயர் திருமுகம் (6:19) நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. தெர்த்துல்லியனோ கிறித்தவர்களை நீரில் பிறக்கும் சிறுமீன்கள் என்கிறார். இவ்விரண்டையும் இணைத்தால், நங்கூரத்தை அணையும் இரு மீன்களையும் நம்பிக்கையாளர்களாகவே கொள்ள இடமுண்டு.

கான்ஸ்டன்டைன் காலத்திற்குப் பின் நங்கூரம் அருகியமை மறைகுறிக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால், கிறித்துவின் பெயரது முதல் இரு கிரேக்க எழுத்துகளை இணைத்த சின்னம், பேரரசரின் படைச்சின்னமாகி, அக்காலத்திலேயே கல்லறைகளிலும் பரவியது. நங்கூரத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது என்பதே போதிய காரணமாகும்.