பகா எண்ணின் பெருமை

எண்களைக் கூட்டவும் கழிக்கவும் நாம் கற்கிறோம். ஆயினும், ஒவ்வோர் எண்ணுக்கும் தனி இயல்பு உண்டு என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அவ்வியல்புகளுள் ஒன்றை இங்குக் காண்போம்.

தோட்டத்தில் பொறுக்கிய பால்மரக் கொட்டைகளுள் பன்னிரண்டை எடுத்துக்கொள்வோம். அவற்றை நான்கு நான்காக மூன்று வரிசையிலும், ஆறு ஆறாக இரண்டு வரிசையிலும் அடுக்கலாம். பதின்மூன்றை எடுத்தாலோ, எப்படி அடுக்கினும் மிச்சம் விழும். ஒரே நீண்ட வரிசையாகத்தான் வைக்க முடியும். இவ்வாறு ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண்ணே பகா எண்ணாகும்.

127 பகா எண்ணா? 11 × 11 = 121; 12 × 12 = 144. ஆகவே 127 இரண்டு எண்களின் பெருக்கமாயின், அவற்றுள் சிறியது 11ஐத் தாண்டாது. 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஐந்திலும் மீதி வருகிறது. எனவே 127 பகா எண்ணே.

இனி ஒரு வேடிக்கை. இரண்டை இரண்டு முறை வைத்துப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3 வரும். மூன்று முறை வைத்தால் 7. ஐந்து முறைக்கு 31. ஏழு முறைக்கு 127. எல்லாம் பகா எண்கள்! அடுத்த பகா எண்ணாகிய 11 முறைக்கும் அப்படியே வரும் என்று தோன்றுகிறதன்றோ? வருவது 2,047. அதுவோ 23 × 89. நான்கு முறை சரியாக வந்தது ஐந்தாம் முறைக்குச் சான்றாகாது. ஆதலால்தான் கணிதம் நிறுவலைக் கேட்கிறது.

31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 கிடைக்கும். இது பகா எண்ணே என்று 1772இல் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் நிறுவினார். அப்போது அவர் கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். நாம் 127ஐச் சோதித்த முறையில் சென்றால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்கள் தேவைப்படும். அவரோ, இவ்வெண்ணை வகுக்கக்கூடிய எண்கள் எவ்வடிவில் இருக்கவேண்டும் என முதலில் ஆராய்ந்து, 372 வகுத்தல்களுக்குள் அடக்கினார். உழைப்புக்கு அறிவு துணை நின்றது. 2024இல் கணினிகளின் உதவியால் இவ்வகையில் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள் உண்டு.

நம் தமிழகமும் இத்துறையில் பங்கு பெற்றது. ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு. இவ்வுண்மை முன்பே நிறுவப்பட்டதாயினும், அதற்கு மிகச் சுருக்கமான நிறுவலை 1919இல் அளித்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர் அவர்.

பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தை மீண்டும் பிரிப்பது மிகக் கடினம். இவ்வியல்பே கணினிச் செய்திகளுக்குப் பூட்டாக அமைந்து காவல் செய்கிறது.

மாணவர்களே! 211, 221 ஆகிய இரண்டில் ஒன்றே பகா எண். எது என ஊகிக்க வேண்டா; வகுத்துப் பார்த்துப் பெற்றோருக்கும் விளக்குங்கள். அதற்கு வேண்டிய கருவி ஒன்றே: நாம் மனனம் செய்யும் பெருக்கல் வாய்பாடு.