கடை வாசலில் போகும் சாலை யாருடையது?

வேளச்சேரியில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்குத் தொழில் உரிமம் எங்கே வாங்குவது, சொத்து வரி எங்கே கட்டுவது என்பதெல்லாம் அத்துப்படி. வாசலில் போகும் சாலை எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று கேட்டால் மட்டும், "மாநகராட்சிதானே?" என்பார்கள். உட்தெருக்களுக்கு அது சரி. தாம்பரம் சாலையில் கடை வைத்தவர்களுக்கு அது தவறான பதில்.

வேளச்சேரியிலிருந்து கிளம்பும் அந்தச் சாலை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிச் சென்று, மேடவாக்கம், சந்தோசபுரம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் வழியாகக் கிழக்குத் தாம்பரத்தை அடைகிறது. ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே ஊரையும் ஊரையும் இணைத்த கிராமத்துச் சாலைதான் இது. ஊர்களின் நிர்வாகம் பலமுறை மாறியது. 2011-இல் பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2021-இல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சிக்குள் போயிற்று. மேடவாக்கமோ ஊராட்சியாகவே பெருத்த ஊர். ஆனால் சாலை மட்டும் நெடுஞ்சாலைத் துறையின் கையில்தான் இருந்தது. விஜயநகர் சந்திப்பின் இரண்டடுக்கு மேம்பாலத்தையும், 2022 மே மாதம் முழுமையாகத் திறந்த மேடவாக்கம் மேம்பாலத்தையும் கட்டியது அத்துறையே.

இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது? 1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் நாட்டின் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள், கிராமச் சாலை என்று தரம் பிரித்தார்கள். சென்னை மாகாணத்தில் 1946-இல் நெடுஞ்சாலைக்கென்று தனி இலாகா உண்டாயிற்று. வண்டிப் போக்குவரத்து பெருகப் பெருக, கிராமச் சாலை மாவட்டச் சாலையாகவும், மாவட்டச் சாலை மாநில நெடுஞ்சாலையாகவும் உயர்த்தப்படும். தரம் உயர்ந்தால் அகலமும் கூடும். அதற்கான இடம் நம் கடை முகப்பிலிருந்துதான் வரவேண்டும்! மைல்கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. நகருக்குள் மைல்கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை என்பது வேறு விஷயம்.

2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் மூன்று கோடுகளைப் பற்றிப் பேசுகிறது: நெடுஞ்சாலை எல்லை, கட்டட எல்லைக் கோடு, கட்டுப்பாட்டுக் கோடு. எல்லைக்குள் இருப்பது சர்க்கார் இடம். அதற்கு அப்பால், அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், நிலம் நம் பெயரில் பட்டாவாக இருந்தாலும், துறையின் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது.

வியாபாரிக்கு இதில்தான் கணக்கு இருக்கிறது. பட்டா நிலத்தைச் சாலைக்காக ஆர்ஜிதம் செய்தால் நஷ்டஈடு உண்டு. எல்லைக்குள் நீட்டிய படிக்கட்டும் தகரக் கொட்டகையும் ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் வரும், காசு வராது. நமக்குத் தெரிந்த ஓர் அரிசி வியாபாரி, கடை முகப்பு விசாலமாக இருக்கிறதே என்று பெரிய முன்பணம் கொடுத்து இடம் பிடித்தார். அளந்து பார்த்தபோது முன்பக்கம் எட்டடி சாலைப் புறம்போக்கு. மூட்டை அடுக்கவும் தராசு வைக்கவும் இருந்த இடம் அதுதான். கட்டடச் சொந்தக்காரர், "இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையே" என்றார். வாடகையைக் குறைக்கவும் இல்லை, முன்பணத்தைத் திருப்பவும் இல்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல் நிலஅளவை வரைபடத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பட்டா எந்த அடியோடு முடிகிறது என்று சர்வேயரை வைத்து அளந்து சுவரில் குறியிடச் சொல்லுங்கள். அந்தச் சாலைக்குக் கோடுகள் நிர்ணயிக்கப்பட்டுள்ளனவா, அகலப்படுத்தும் திட்டம் உண்டா என்று நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்வார்த்தை பின்னால் செல்லாது. பழைய பத்திரங்களில் சாலை எண் வேறாக இருக்கலாம்: தாம்பரத்தைத் தாண்டும் ஜி.எஸ்.டி. சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 45; 2010-இல் எண்கள் மாற்றப்பட்ட பின் அது 32. வாடகை ஒப்பந்தம் எழுதும்போது, சாலை அகலமானால் முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.