மவுஸை ரீச்சரின் கையிலேயே விடுங்கள்

வாரம் முழுக்க இத்தாலியர் வீடுகளில் வேலை, வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. பலெர்மோவில் தமிழ் படிப்பிக்கும் பலருடைய வாழ்க்கை இதுதான். சோக்குக்கட்டியோடு பழகிய அந்த ரீச்சர்மாருக்கு முன்னால் ஒருநாள் மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் கொண்டுவந்து வைத்தால் பின்வாங்கத்தான் செய்வார்கள். அது சோம்பல் அல்ல, பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற கூச்சம். அவர்களுக்கு உதவப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• கருவியை மறந்துவிட்டுப் பாடத்தைக் கேளுங்கள். "அக்கா, பிள்ளைகளுக்கு எதை விளங்கப்படுத்தத்தான் கஷ்டமாக இருக்கு?" ல, ள, ழ என்பார். அவர் வாசிப்பதைக் கைபேசியில் பதிந்து பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். பிள்ளை வீட்டில் பத்துத் தரம் கேட்கும். ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் கதைப்பவருக்கு இது பெரிய வித்தையே இல்லை. அடுத்த கிழமை ஒரு படம். பெல்லெக்ரினோ மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும் வழக்கம் இங்கே சைவக் குடும்பங்களுக்கும் உண்டு. அந்த மலையேற்றத்தின் படம் ஒன்றைத் திரையில் போட்டால் பிள்ளைகள் தாங்களாகவே வாக்கியம் சொல்வார்கள்.

• தட்டச்சு விஷயத்தில் பொறுமை வேண்டும். பல ரீச்சர்மார் பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகத் தட்டியவர்கள். அந்தக் கேள்வித்தாள் வேறொரு கணினிக்குப் போனால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். "நான் தொட்டாலே பிழைக்குது" என்ற பயம் பாதி இங்கிருந்துதான் வருகிறது. பிழை அவருடையது அல்ல; பாமினி யுனிகோட் வருவதற்கு முந்திய முறையைச் சேர்ந்தது என்று எடுத்துச் சொல்லுங்கள். அதற்காகத் தமிழ்99 விசைப்பலகையை முதலிலிருந்து படியுங்கள் என்று இழுக்காதீர்கள். எ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பையே வைத்துக்கொண்டு யுனிகோடில் எழுதலாம். விரல்களின் பழக்கம் வீணாகாது. பழைய கேள்வித்தாள்களை எழுத்துரு மாற்றி மூலம் யுனிகோடாக்கிக் கொடுங்கள். ஒரு பின்னேர வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு உங்களை அவர் நம்புவார்.

• இங்கே வாங்கும் கணினி இத்தாலியன்தான் பேசும். சால்வா என்றால் சேமி, அப்ரி என்றால் திற, ஸ்தாம்பா என்றால் அச்சிடு. பத்துச் சொல்லைத் துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவிடுங்கள்.

• ஆசிரியருக்குத் துணை ஆசிரியரே. இத்தாலிய அரசு 2015இல் கொண்டுவந்த தேசிய டிஜிட்டல் பள்ளித் திட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். வெளியிலிருந்து நிபுணரை இறக்காமல், அங்கேயே படிப்பிக்கும் ஒருவரை ஒவ்வொரு பள்ளியிலும் 'அனிமத்தோரே திஜித்தாலே' (டிஜிட்டல் வழிகாட்டி) ஆக்கினார்கள். உங்கள் தமிழ் வகுப்பிலும் ஓரளவு பழகிய ரீச்சர் ஒருவர் இருப்பார். முதலில் அவரைப் பிடியுங்கள்.

செய்யக்கூடாதவை

• மவுஸைப் பறிக்காதீர்கள். "விடுங்கோ, நான் செய்து தாறன்" என்று ஐந்து வினாடியில் முடித்துவிட்டால் வேலை முடியும், ரீச்சர் அடுத்த வாரமும் உங்களையே கூப்பிடுவார். அவர் ஐந்து நிமிடம் தேடட்டும். உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

• "இது சின்ன விஷயம்" என்று சொல்லாதீர்கள். சின்ன விஷயமே வரவில்லை என்றால் அவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்?

• பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தவே கூடாது. ஒத்திகையை வகுப்புக்கு முன்னால் வெறும் அறையில் வையுங்கள்.

• "கொரோனா நேரமே பழகியிருக்கலாமே" என்று குத்திக்காட்டாதீர்கள். 2020 மார்ச் 5ஆம் திகதி நாடு முழுவதும் பள்ளிகளில் வகுப்புகள் நிறுத்தப்பட்டபோது இத்தாலிய ஆசிரியர்களுமே பதறித்தான் போனார்கள். அவசரத்தில் கற்றது பலருக்கு வெறுப்பைத்தான் மிச்சம் வைத்தது.

• கருவி வாங்கிக் குவிக்க வேண்டாம். 'ஸ்குவோலா 4.0' திட்டத்தில் ஒரு லட்சம் வகுப்பறைகளை மாற்ற 210 கோடி யூரோ ஒதுக்கியது அரசு. பெற்றோரின் சந்தாவில் ஓடும் வகுப்புக்கு ஒரு புரொஜெக்டரும் ஒரு நல்ல ஒலிபெருக்கியும் போதும்.

• பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் பொதுவில் போடாதீர்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்கள் இணையக் கணக்குத் தொடங்கவும் இத்தாலியில் பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்தச் சட்டத்தை ரீச்சருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு பழி அவர் தலையில் விழக்கூடாது.

• கரும்பலகையைக் கழற்றாதீர்கள். வைஃபை படுத்துவிட்டால் பாடம் அதிலே தொடரட்டும்.

வருகிற வார இறுதியில் ஒரு ரீச்சர், ஒரு பாடம், இருபது நிமிடம். கணினிக்கு முன்னால் இருக்கும் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.