பழைய கேமரா வாங்கலாமா?

ஃபிலிம் போடும் பழைய கேமராக்களை இப்போ பலர் தேடி வாங்குறாங்க. காசு கொடுக்கும் முன் தெரிந்து கொள்வோம்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன?
கேமராவின் முன்பக்கம் இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும். இரண்டிலும் தெரியும் உருவங்கள் ஒன்றாகப் பொருந்தும்வரை லென்ஸைத் திருப்பணும். பொருந்தினால் ஃபோகஸ் சரி. இது முக்கோணக் கணக்குதான்!

லென்ஸ்
1966-ல் ஜப்பானில் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35-ல் 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ். 45-ஐ 1.7-ஆல் வகுத்தால் சுமார் 26 மி.மீ. ஒளி நுழையும் வாசலின் விட்டம் அது. எஃப் 2.8 லென்ஸைவிட 2.7 மடங்கு வெளிச்சம் வரும். தீமிதி இரவில்கூட ஃபிளாஷ் இல்லாம எடுக்கலாம். ஆனா ஃபோகஸ் கொஞ்சம் தவறினாலும் முகம் மங்கிடும்.

சோதனைகள்
1. லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை.
2. தூரத்து மரத்தைப் பார்த்தால் இரு உருவமும் பொருந்தணும்.
3. இதன் பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போ வருவதில்லை. மாற்று பேட்டரி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் 1/500 வினாடி வேகத்தில் மட்டுமே இயங்கும்.

செலவு
1967-ல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. ஃபிலிம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரணும். ஒரு ரோலில் 36 படம்தான். கழுவவும் காசு. யானையைக் கட்டித் தீனி போடுற கதை!

முடிவு
ரோலுக்குத் தொடர்ந்து காசு ஒதுக்க முடிந்து, மூன்று சோதனையிலும் கேமரா தேறினால் வாங்கலாம். இல்லைன்னா வீட்டு செல்போனே போதும். சிந்தித்து வாங்குவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, நைனார்பாளையம்