ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

சென்ற மாதம் ஓர் இரவு, நோயாளியை ஏற்றிச் சென்ற நமது அறக்கட்டளை ஆம்புலன்ஸ் வழியில் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. வேறு வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நோயாளி இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். தவறு ஓட்டுநருடையதல்ல, மாதந்தோறும் டீசல் கணக்கைச் சரிபார்த்த நாம்தான் ஸ்டெப்னியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடாத டயரிலும் காற்று மெல்லக் குறையும். ஆகவே காற்றுப் பிடிக்கும்போதெல்லாம் ஐந்தாவது டயரையும் காட்டுங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஓடிச் சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும். காலையில் வண்டி எடுக்குமுன் பார்ப்பதே சரி. பட்டன் 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னி தேயாது, ஆனால் வயதாகும். ரப்பர் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு.

மாற்றும்போது சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இறங்க முடிந்தவர்களைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு, பிறகு ஜாக்கி. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கடியில் யாரும் தலையை நுழைக்க வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக முறுக்கவும். சில கார்களில் வரும் ஒல்லியான ஸ்டெப்னியில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அது பஞ்சர் கடை வரை போவதற்குத்தான்.

நமது ஆம்புலன்ஸ் நோட்டில் இப்போது ஐந்து டயர்களுக்கும் கட்டம் போட்டிருக்கிறோம். வெள்ளிதோறும் காலையில் எழுதப்படுகிறது.