வாழைக்கு முன்னால் வாளை

குருசுக்குப்பம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள யாழினி,

நேற்று ராத்திரி போனில் நீ கொதித்ததைக் கேட்டுக்கொண்டேனே தவிர, பதில் சொல்லவில்லை. அகராதிச் செயலியில் சொற்களை அடுக்க நீயே ஓர் அட்டவணை எழுதி அனுப்பினாய். பராமரிப்பாளர் நாலே வரியில் திருப்பிவிட்டார். “மொத்த நிரலையும் எடுத்துக்கிட்டு தனிக்குடித்தனம் போயிடறேன் மாமா” என்றாய். போகலாம், கட்டற்ற மென்பொருளின் உரிமமே அதற்கு இடம் தருகிறது. போகுமுன் தோற்ற கட்சிக்காரன் ஒருவன் கதையைக் கேள். நான்தான் அவன்.

பைத்தானில் நம் பேட்டையின் பெயரைக் கொடுத்து ‘லென்’ போட்டுப் பார். ‘குருசுக்குப்பம்’ நமக்கு 8 எழுத்து, அதற்கு 15. ‘கு’வில் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, புள்ளிக்கும் தனி இடம். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 45. அடுக்கும் கோணல். இஸ்கி என்ற இந்தியத் தரத்தை ஒட்டி 1991இல் யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது, ளகரத்துக்குப் பின்னால் போய் ழகரம் உட்கார்ந்தது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் வாழைக்கு முன்னால் வாளை வந்து நிற்கும். மீன் விற்கிற குப்பத்தில் அது சரிதான் என்று தோன்றலாம், அகராதியில் முடியுமா?

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் என்றது டேஸ்-16 என்ற குறியேற்றம். நான் அந்தப் பக்கம். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

எதிர்ப்பக்கம் சொன்னதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1996இல் கொரிய எழுத்துகளை இடம் மாற்றிப் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒருமுறை கொடுத்த குறியெண்ணை நகர்த்துவதே இல்லை என்று யூனிகோடு முடிவெடுத்திருந்தது. எனவே டேஸ்-16க்குக் கிடைத்தது ‘தனிப்பயன் பகுதி’. புறம்போக்கு நிலம் மாதிரி: யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம், பட்டா கிடையாது. உலாவியும் லினக்ஸும் கைபேசியும் யூனிகோடிலேயே ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் குடிசைக்கு யாரும் வரவில்லை.

ஆனால் நாங்கள் சொன்ன குறை பொய்யில்லையே. அதை மேல்தளத்தில் சரிசெய்தார்கள். அகரவரிசைக்குத் தனி விதி அட்டவணைகள் வந்தன. சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் நூலகம் வந்தது. அதில் கேட்டால் நம் பேட்டை 8தான். நோயையும் மருந்தையும் ஒரே முடிச்சாகக் கட்டிக்கொண்டு சண்டை போட்டது என் தப்பு. உறைக்கச் சில வருஷம் ஆயிற்று.

உன் பராமரிப்பாளரின் நாலு வரியை இப்போது திரும்பப் படி. வாளைச் சிக்கலை அவர் மறுக்கவே இல்லை. சொந்த அட்டவணை வேண்டாம், ஐசியு நூலகத்தின் வரிசையாக்கத்தை எடு என்கிறார். உன் அட்டவணையை நாளைக்கு யார் பார்த்துக்கொள்வது என்பது அவர் கவலை. வரிசையாக்கம் பின்னால் மாற்றக்கூடிய விஷயம். இரண்டு நாள் வாதம் போதும். சேமிக்கும் கோப்பின் வடிவம், குறியேற்றம் இவையெல்லாம் ஊர் முழுக்கப் பரவிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. அங்கே மாதக்கணக்கில் மல்லுக்கட்டு, நானும் வருகிறேன்.

பைத்தான்காரர்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று: மொழியில் மாற்றம் கேட்டு எழுதும் முன்மொழிவிலேயே, ஒதுக்கப்பட்ட யோசனைகளையும் காரணத்தையும் எழுதி வைப்பார்கள். அவர்களுக்கே 2018இல் := குறியை வைத்துப் பெரும் சண்டை. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் ஆதரித்த பக்கம்தான் ஜெயித்தது. அலுத்துப்போய்த் தலைமையை விட்டு விலகியவரும் அவரே.

நீ எழுதும் பதிலின் முதல் பத்தியில் அவர் வாதத்தை எழுது, “ஆமாம், இதைத்தான் சொன்னேன்” என்று அவரே தலையாட்டும்படி. அதன் கீழே ஒரு சோதனைக் கோப்பு: பழம், பனை, வாழை, வாளை, இந்த வரிசையில். ஐசியு இப்படியே அடுக்கினால் உன் அட்டவணையைக் கிழித்துப்போடு. தப்பாக அடுக்கினால் அந்த வெளியீட்டை அப்படியே ஒட்டி அனுப்பு, வேறு ஒரு சொல்லும் வேண்டாம். எது வந்தாலும் எனக்கும் ஒரு நகல்.

அன்புடன்,
மாமா